பதினோராம் எண் கூண்டு

செங்கற்பட்டு மாவட்டத்தில், பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி அமைந்த ஊர் சிறுசேரி. முன்னாளிற் சிற்றூராக இருந்த இவ்வூரில் இன்று கணினித் தொழில் நடைபெறும் உயர்ந்த கட்டடங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஊருக்குக் கிழக்கே சிறிது தொலைவு சென்றால் பக்கிங்காம் கால்வாயும் முட்டுக்காட்டு உப்பங்கழியும் குறுக்கிடும். அவற்றைக் கடந்தால் கடற்கரைச் சாலை. அதற்கு அப்பால் வங்கக் கடல். சற்றுத் தெற்கே கோவளம் என்னும் மீனவர் ஊர் உள்ளது. அங்கிருந்து மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் சாலை, ஒருபுறம் கடலும் மறுபுறம் கழியும் கால்வாயுமாக உள்ள ஒடுங்கிய நிலத்தின்மீது செல்கிறது. மழைக்காலத்தில் கழிநீர் பெருகி நிற்கும்போது காண்பார்க்கு அந்நிலம் ஒரு தீவோ என்று தோன்றும்.

2022 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9 ஆம் நாள் இரவு பத்தரை மணிக்கும் பின்னிரவு ஒன்றரை மணிக்கும் இடையே, ‘மாண்டஸ்’ என்னும் புயல் மாமல்லபுரத்திற்கு அருகே கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 65 முதல் 75 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 85 கிலோமீட்டர் வேகத்திலும் வீசியது. மரங்கள் பல வேரோடு சாய்ந்தன. மின்கம்பிகள் அறுந்தன. கரையில் நின்ற படகுகளிற் சில உடைந்தன. ஆயினும் மீனவர் கடலுக்குட் செல்லாது முன்னரே தடுத்து நிறுத்தப்பெற்றிருந்தனர். பள்ளிகளுக்கு அன்று விடுமுறை அளிக்கப்பட்டிருந்தது. கடற்கரைச் சாலையிற் பேருந்துகள் ஓடவில்லை. மக்கள் குடங்களில் நீர் நிரப்பி, மெழுகுவத்தியும் தீப்பெட்டியும் எடுத்துவைத்து, கதவைத் தாழிட்டுக்கொண்டு காத்திருந்தனர். புயல் எப்பொழுது வரும், எங்கே கரை ஏறும் என்பது அவர்களுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. சொல்லிய இடத்தில், சொல்லிய இரவில் அது வந்தது, சென்றது. தமிழ்நாடு முழுவதிலும் அப்புயலால் உயிரிழந்தோர் தொகை பத்துக்கும் குறைவே.

இந்த அமைதி எளிதிற் கிடைத்ததன்று. இதற்கு 58 ஆண்டுகளுக்கு முன்னர், இதே டிசம்பர்த் திங்களில், தமிழகக் கடற்கரையின் தெற்கே உள்ள ஒரு தீவில் ஓர் ஊர் ஓரிரவிற்குள் மறைந்தொழிந்தது. அவ்வூரின் வரலாற்றை அறிதற்கு முன், புயலைப் பற்றியும் எச்சரிக்கையைப் பற்றியும் சிறிது அறிதல் வேண்டும்.

‘புயல்’ என்னுஞ் சொல் பண்டைத் தமிழ் நூல்களில் மேகத்தையும் மழையையும் குறித்தது, அழிவைக் குறித்ததன்று. கார்மேகம் போன்ற கூந்தலைப் புலவர்கள் புயலோடு ஒப்பிட்டுப் பாடினர். பிற்காலத்திலேதான் அச்சொல் பெருங்காற்றுக்கு உரியதாயிற்று. ‘எச்சரிக்கை’ என்பதோ தெலுங்கு நாட்டிலிருந்து வந்து தமிழில் வேரூன்றிய சொல். அரசர் அவைக்கு எழுந்தருளும்போது கட்டியங்கூறுவோர் முன்னே நின்று ‘எச்சரிக்கை’ என்று குரல் கொடுப்பர். கேட்டோர் விலகி வழிவிடுவர். புயலுக்கும் அத்தகைய கட்டியக்காரன் ஒருவன் வேண்டும். அவன் குரல் தெருவின் கடைசி வீடுவரை கேட்கவும் வேண்டும்.

கடலில் உள்ளவனுக்குக் கரையில் உள்ளவன் செய்தி சொல்லும் வழக்கம் இந்தக் கரைக்குப் புதியதன்று. காஞ்சியில் இருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், நீர்ப்பெயற்று என்னும் துறைமுகம் கூறப்படுகிறது. அங்கே வானுற உயர்ந்த மாடத்தின் உச்சியில் இரவில் விளக்கேற்றி, கடலில் வரும் கலங்களுக்குத் துறையை அறிவித்தனராம். அத்துறைமுகம் மாமல்லபுரமே என்பாரும், அதனை அடுத்த வேறோர் ஊர் என்பாரும் உளர். எதுவாயினும், அவ்விளக்கு எரிந்தது இக்கரையிலேதான். கரிகாலனுடைய முன்னோர் காற்றின் இயல்பறிந்து கலஞ் செலுத்தியதை வெண்ணிக் குயத்தியார் என்னும் புலவர் பெருமாட்டி புறநானூற்றிற் புகழ்ந்துள்ளார். காற்றை அறிதல் அரசர்க்குரிய பெருமைகளுள் ஒன்றாக அன்றே எண்ணப்பட்டது.

புயல் பிறக்குமிடம் வெம்மை மிக்க கடல். கடலின் மேற்பரப்பு 26 அல்லது 27 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பமுற்றிருக்கும்போது, அதன்மேல் உள்ள ஈரக்காற்று இலேசாகி மேலெழும். எழுந்த இடத்திற் காற்றழுத்தம் குறையும். குறைந்த இடத்தை நிரப்பச் சுற்றிலுமிருந்து காற்று விரைந்து வரும். நிலவுலகம் சுழல்வதால் அக்காற்று நேரே வாராது வளைந்து சுழலும். நம் நாடு அமைந்த வடபாதியில் அச்சுழற்சி கடிகார முள்ளின் ஓட்டத்திற்கு எதிராக இருக்கும். சுழலின் நடுவே காற்றடங்கிய ஓரிடம் உண்டு. அதனைப் புயலின் கண் என்பர். அக்கண் தலைக்கு நேரே வரும்போது திடீரென்று காற்று ஓய்ந்து, வானமும் சிறிது வெளுக்கும். புயல் போயிற்றென்று எண்ணி வெளியே வந்தவர்கள், மறுபக்கத்துக் காற்று எதிர்த்திசையினின்று பாய்ந்தபோது மாண்ட செய்திகள் பல உண்டு. மேலும், புயலிற் பெரும்பாலோரைக் கொல்வது காற்றன்று, நீரே. காற்று கடல்நீரைக் கரைநோக்கித் தள்ளுகிறது. கடல் ஆழமற்றதாயின் அந்நீர் பரவ இடமின்றி மேன்மேலும் உயர்ந்து, மதிலென நிமிர்ந்து ஊருக்குட் புகுகிறது.

இந்தியாவில் முறையான புயல் எச்சரிக்கை பிறந்ததும் ஓர் அழிவின் பின்னரேயாம். 1864 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களிற் கல்கத்தா நகரைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டிலேயே கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் முன்னறிவிப்புச் செய்யும் முறை ஏற்படுத்தப்பட்டது. 1875 இல் இந்திய வானிலைத் துறை தோன்றியது. காலப்போக்கிற் கடற்கரைத் துறைமுகங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான அடையாள முறை ஒன்று வகுக்கப்பட்டது. பகலிற் கூம்பும் உருளையுமான கூண்டுகளும், இரவிற் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகளும் உயர்ந்த கம்பத்தில் ஏற்றப்படும். இதனையே ‘புயல் எச்சரிக்கைக் கூண்டு’ என்று நாளிதழ்கள் எழுதுகின்றன.

கூண்டுகளின் எண் ஒன்றிலிருந்து பதினொன்று வரை செல்லும். ஒன்றும் இரண்டும், புயல் தொலைவிற் கடலில் உள்ளது என்பதைக் கப்பல்களுக்குக் கூறுவன. மூன்றும் நான்கும், துறைமுகத்திலேயே கடுங்காற்று வீசக்கூடும் என்பன. ஐந்து, ஆறு, ஏழு ஆகியவை அபாயத்தைக் குறிப்பன. எட்டு, ஒன்பது, பத்து ஆகியவை பேரபாயத்தைக் குறிப்பன. இங்கே ஒன்று கருதத்தக்கது. ஐந்தாம் எண்ணினும் ஏழாம் எண் கொடியது என்று பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. அம்மூன்றிலும் புயலின் கடுமை ஒன்றே. புயல் துறைமுகத்தை இடப்புறம் விட்டுச் செல்லுமா, வலப்புறம் விட்டுச் செல்லுமா, நேரே அதன்மீது வருமா என்பதிலேதான் வேறுபாடு. எட்டு, ஒன்பது, பத்து ஆகியவற்றுக்கும் இதுவே முறை. நாள்தோறும் பார்க்கும் அடையாளத்தையே பொருளறியாது பார்ப்போர் எத்துணைப் பேர்!

பதினோராம் எண்தான் யாவற்றினும் தனித்தன்மை உடையது. அது காற்றின் வேகத்தைக் கூறுவதன்று. புயலின் திசையைக் கூறுவதுமன்று. வானிலை நிலையத்தோடு செய்தித் தொடர்பு அறுந்துவிட்டது என்பதே அதன் பொருள். கூறுவோனுக்கும் கேட்போனுக்கும் இடையே இருந்த கம்பி அறுந்தது. இனி என்ன வருமென்று சொல்வாரில்லை. துறைமுகத்தார் தம் கண்ணால் வானத்தைப் பார்த்து அறிய வேண்டியதே. பத்தைக் கடந்த பேரச்சத்துக்கு வேறு பெயர் வையாமல், இம்முறையை வகுத்தோர் செய்தி அறுந்த நிலையையே இறுதியில் வைத்தனர்.

அத்தகைய இரவு ஒன்று தனுஷ்கோடிக்கு வந்தது.

இராமேசுவரம் அமைந்துள்ள பாம்பன் தீவு கிழக்கு நோக்கி வரவர ஒடுங்கி, இறுதியில் ஒரு மணல் விரலாக நீண்டு கடலுள் முடிகிறது. அவ்விரலின்மேல் இருந்த ஊர் தனுஷ்கோடி. அதன் வடபுறம் பாக் நீரிணைக் கடல். தென்புறம் மன்னார் வளைகுடா. அமைதியாக இருக்கும் வடகடலைப் பெண் கடல் என்றும், அலைமிகுந்த தென்கடலை ஆண் கடல் என்றும் அத்தீவினர் வழங்குவர். 1914 இற் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் தனுஷ்கோடிக்குப் பெருமை வந்தது. சென்னை எழும்பூரிற் புறப்பட்ட ‘போட் மெயில்’ வண்டி, கடல்மீது அமைந்த பாலத்தைக் கடந்து தனுஷ்கோடித் துறை வரை சென்றது. அங்கு இறங்கியோர் நீராவிக் கப்பலேறி இலங்கையின் தலைமன்னாரை அடைந்தனர். வணிகரும், தேயிலைத் தோட்டத் தொழிலாளரும், புனித நீராடச் செல்வோரும் அவ்வழியே சென்று வந்தனர். புகைவண்டி நிலையம், சுங்கச் சாவடி, அஞ்சல் நிலையம், மருத்துவமனை, பள்ளிக்கூடம், கோயில், மாதா கோவில் ஆகிய யாவும் அவ்வூரில் இருந்தன. இத்துணையும் கடல்மட்டத்திற்குச் சில அடி உயரமே உள்ள மணலின்மேல் நின்றன என்பதை மறத்தலாகாது.

1964 டிசம்பர் 17 ஆம் நாள் அந்தமானுக்குத் தெற்கே கடலிற் காற்றழுத்தம் தாழ்ந்து ஒரு சுழல் தோன்றியது. 19 ஆம் நாள் அது கடும்புயலாயிற்று. 21 ஆம் நாளுக்குப் பின் ஏறத்தாழ நேர்கோட்டில் மேற்கு நோக்கி விரைந்தது. நாளொன்றுக்கு 400 முதல் 550 கிலோமீட்டர் வரை கடந்தது. 22 ஆம் நாள் இலங்கையில் வவுனியா வழியாகச் சென்றது. யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலைக் கரைகளில் வாழ்ந்த தமிழ் மக்களுக்குப் பேரிழப்பை விளைவித்தபின், அன்றிரவே பாம்பன் தீவை அடைந்தது. அப்போது காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் வரை இருந்ததாகக் கணிக்கின்றனர். கடல் ஏழு மீட்டர் உயரத்துக்கு எழுந்தது. பாக் நீரிணை ஆழமற்ற கடல் என்பதை இங்கு நினைவிற் கொள்க.

அக்காலத்தில் வானிலை அறிவோர்க்கு இருந்த துணைகள் சில. கடலிற் செல்லும் கப்பல்கள் அனுப்பும் செய்தி ஒன்று. கரையோர நிலையங்களிற் பாதரசக் கருவி காட்டும் அழுத்தம் ஒன்று. புயலின் வடிவைத் தொலைவிலிருந்தே காணும் ரேடார் இக்கரையில் அப்போது இல்லை. அறிந்ததைச் சொல்லவும் தந்திக் கம்பியும் வானொலியும் அன்றி வேறு வழியில்லை. வானொலிப் பெட்டி வீட்டுக்கு வீடு இருந்த காலமும் அன்று. மணல் விரலின் நுனியில் ஓலைக்குடிசையில் உறங்கும் மீனவன் ஒருவனுக்கு, நள்ளிரவில், நூற்றுக்கணக்கான கல் தொலைவிலிருந்து ஒரு சொல் சென்று சேர்வது எவ்வாறு? சேர்ந்தாலும் அவன் செல்ல வேண்டிய மேட்டுநிலம் எங்கே? ஒடுங்கிய அந்நிலத்தில் இருந்த வழியெல்லாம் இருப்புப்பாதை ஒன்றே.

அவ்விருப்புப்பாதையின்மேல் அன்றிரவு 11 மணி 55 நிமிடத்திற்கு, 653 ஆம் எண் பயணிகள் வண்டி பாம்பன் நிலையத்திலிருந்து தனுஷ்கோடி நோக்கிப் புறப்பட்டது. அதிற் பயணிகள் 110 பேரும் இரயில்வே ஊழியர் ஐவரும் இருந்தனர் என்பது பதிவேட்டுக் கணக்கு. சீட்டின்றி ஏறியோரும் இருந்திருத்தல் கூடும் என்பர். வண்டி தனுஷ்கோடியை நெருங்கியபோது கைகாட்டியின் விளக்கு எரியவில்லை. இருளில் வண்டி நின்றது. ஓட்டுநர் நெடுநேரம் ஊதல் ஒலித்துப் பார்த்தார் என்றும், மறுமொழி இல்லாமையால் துணிந்து வண்டியை மெல்லச் செலுத்தினார் என்றும் கூறுவர். வண்டி நிலையத்தை அடையச் சில நூறு கெசத் தொலைவே இருந்தது. அவ்வளவில் எழுந்த பேரலை ஒன்று வண்டியைப் பெட்டிகளோடு மூடிக்கொண்டது. ஒருவரும் பிழைத்திலர்.

கைகாட்டி என்பது, முன்னே வழி எவ்வாறு உள்ளது என்று வண்டிக்குச் சொல்லும் நாவு. அது சிவப்பு என்றாலும் வண்டி நிற்கும். பச்சை என்றாலும் வண்டி நகரும். அன்று அது ஒன்றும் சொல்லவில்லை. விளக்கணைந்த கைகாட்டியை என்னவென்று கொள்வது? ஓட்டுநரைக் குறைகூறுவார் சிலர் இன்றும் உளர். நடுவழியில், இருபுறமும் கடல் கொந்தளிக்க, நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைப் பின்னே வைத்துக்கொண்டு இருளில் நின்ற ஒருவனுக்கு, நிற்பதா செல்வதா என்று முடிவு செய்யும் பொறுப்பு விடப்பட்டது. அந்நிலையில் அவனைக் கூண்டிலேற்றி வினாவுதல் எளிது. அவனிடத்தில் நின்று விடை கூறுதல் அரிது.

அன்றிரவு மாண்டோர் 1,800 பேருக்கு மேல் என்று மதிப்பிடுவர். பாம்பன் பாலத்தின் 145 தூலங்களிற் பெரும்பகுதி அலையில் வீழ்ந்தன. பாலம் வீழ்ந்தமையால் தீவு மீண்டும் தீவாயிற்று. கம்பிகள் அறுந்தமையால் தீவினின்று ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. வண்டி ஒன்று மக்களோடு மறைந்த செய்தியை, மண்டபத்திலிருந்த துறைமுக அதிகாரி தெரிவித்தபின்னரே, ஏறத்தாழ இரண்டு நாள் கழித்து, சென்னையில் இரயில்வேயார் வெளியிட முடிந்தது. எச்சரிக்கை ஊருக்குட் செல்லவும் வழியில்லை. அழுகுரல் ஊருக்கு வெளியே வரவும் வழியில்லை. பதினோராம் எண் கூண்டின் முழுப்பொருளும் இதுவேயாம்.

பாலத்தை மட்டும் ஈ. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளரின் பொறுப்பில் 46 நாட்களிற் சீர்ப்படுத்தினர். வீழ்ந்த தூலங்களைக் கடலடியிலிருந்தே தேடியெடுத்து மீண்டும் ஏற்றினர். வண்டி இராமேசுவரத்தோடு நின்றது, தனுஷ்கோடிக்குச் செல்லவில்லை. அவ்வூர் மக்கள் வாழத் தகுதியற்றது என்று அன்றைய சென்னை அரசாங்கம் அறிவித்தது. மாதா கோவிலின் சுவர்களும் நிலையத்தின் இடிபாடும் மணலிடையே இன்றும் நிற்கின்றன.

கடல்சூழ்ந்த ஊருக்குச் செய்தி சேராமையால் நேர்ந்த கேடு தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில், மெக்சிகோ வளைகுடாவில், கால்வெஸ்டன் என்னும் தீவு நகரம் உள்ளது. 1900 ஆம் ஆண்டு செப்டம்பர் 8 ஆம் நாள் வீசிய புயலில் அங்கே 6,000 பேருக்குக் குறையாமல் மாண்டனர். 8,000 என்பாரும் உளர். அப்புயல் கியூபா நாட்டைக் கடந்தபோதே அந்நாட்டு வானிலை அறிஞர்கள், அது மேற்கே வளைகுடாவிற்குட் செல்லும் என்று கணித்தனர். ஆனால் கியூபாவிலிருந்து புயற்செய்தித் தந்தி அனுப்புவதை அமெரிக்க அதிகாரிகள் அப்போது தடை செய்திருந்தனர். தம் அறிவின்மேற் கொண்ட செருக்கே அதற்குக் காரணம். தனுஷ்கோடியிற் கம்பியைக் காற்று அறுத்தது. அங்கே மனிதரே அறுத்தனர்.

தனுஷ்கோடியின் அழிவுக்குப் பின் இந்தியக் கடற்கரையிற் புயலைக் காணும் கண்கள் ஒவ்வொன்றாக ஏற்பட்டன. 1970 இல் விசாகப்பட்டினத்தில் முதற் புயல் ரேடார் நிறுவப்பட்டது. சில ஆண்டுகளிற் சென்னைக்கும் ஒன்று வந்தது. 1980 களில் இன்சாட் செயற்கைக்கோள்கள் வானிலிருந்து மேகங்களைப் படம் எடுத்தனுப்பின. 2002 இற் சென்னையில், காற்றின் விரைவையும் அளந்துகூறும் டாப்ளர் ரேடார் இயங்கத் தொடங்கியது. கண் கூர்மையாயிற்று. ஆயினும் நா?

1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயல் அவ்வினாவை எழுப்பியது. செயற்கைக்கோளும் இருந்தது, ரேடாரும் இருந்தது, ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். அதன்பின் எச்சரிக்கை முறை நான்கு படிகளாக வகுக்கப்பட்டது. 72 மணி நேரத்திற்கு முன்னரே அதிகாரிகளுக்கு முன்னுணர்த்தல். 48 மணிக்கு முன் மஞ்சள் நிறம். 24 மணிக்கு முன் ஆரஞ்சு நிறம். 12 மணிக்கு முன், புயல் கரை ஏறியபின் உள்நாட்டில் என்ன நிகழும் என்பதையும் கூறும் சிவப்பு நிறம். எண்ணையும் வேகத்தையும் அறியாதவனும் நிறத்தை அறிவான். 2004 முதல் வடஇந்தியப் பெருங்கடற் புயல்களுக்குப் பெயரிடும் வழக்கமும் வந்தது. கரையோர நாடுகள் முறைவைத்துப் பெயர் தருகின்றன. ‘மாண்டஸ்’ ஐக்கிய அரபு அமீரகம் தந்த பெயர். பொருட்பெட்டி என்பது அதன் பொருளாம். பெயரிடுதல் விளையாட்டென்று கருதுவோர் உண்டு. பெயருள்ள பகைவனைப் பற்றிப் பேசுதல் எளிது. கிணற்றடியிலும் தேநீர்க் கடையிலும் அப்பெயர் வாய்க்கு வாய் செல்லும் என்பதே அதன் பயன். ஒடிசா அரசு கரையோரங்களிற் புயற் காப்பகங்களைக் கட்டியது; ஊர்தோறும் இளைஞர்களைப் பயிற்றியது. 2013 அக்டோபர் 12 அன்று ‘பைலின்’ என்னும் கடும்புயல் அம்மாநிலத்தைத் தாக்கியபோது, ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் முன்னரே வெளியேற்றப்பட்டிருந்தனர். மாண்டோர் தொகை 45 அளவில் நின்றது.

இவ்வளவு கண்டபின், இனிக் குறையில்லை என்று இருந்துவிடலாகாது என்பதை 2017 ஆம் ஆண்டு உணர்த்தியது. அவ்வாண்டு நவம்பர் 29 ஆம் நாள் காலையில் இலங்கைக்கு அருகே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாட் காலையிலேயே ‘ஒக்கி’ என்னும் புயலாகிக் குமரிக் கடலில் நின்றது. ஆழ்கடல் மீன்பிடிப்பில் வல்ல குமரி மாவட்ட மீனவர்கள் அதற்குப் பன்னாட்களுக்கு முன்னரே கரையை விட்டுச் சென்றிருந்தனர். வானொலியும் தொலைக்காட்சியும் கரையிற் கூறிய எச்சரிக்கை, கைப்பேசி அலையும் எட்டாத நடுக்கடலில் இருந்த அவர்களை எட்டவில்லை. நூற்றுக்கணக்கானோர் வீடு திரும்பவில்லை. அவர்கள் ஏறியிருந்த படகு ஒவ்வொன்றும் அன்று ஒரு தனுஷ்கோடியாயிற்று. செயற்கைக்கோள் வழியாக நடுக்கடலிலுள்ள படகுக்கும் எச்சரிக்கையைக் கொண்டுசேர்க்கும் கருவி 2019 இல் வெளியிடப்பட்டது. அஃது எல்லாப் படகுகளிலும் இடம்பெறுதல் வேண்டும்.

இனி, சிறுசேரிக் கரைக்கு மீள்வோம். மாண்டஸ் புயலையும் தனுஷ்கோடிப் புயலையும் ஒரே தராசில் நிறுத்தல் நேர்மையாகாது. தனுஷ்கோடியைத் தாக்கியது மும்மடங்கு விரைவுடைய காற்று. மாண்டஸ் கடலில் இருந்தபோது கடும்புயலாக வளர்ந்து, கரையை நெருங்குவதற்குள் வலிகுன்றியது. அதனாலேயே, அடுத்த நாள், “இதற்கா இவ்வளவு ஆரவாரம்? ஒரு நாள் கூலி போயிற்றே” என்று சொன்னவரும் இருந்திருப்பர். அம்முறையீடு முற்றிலும் புறக்கணிக்கத் தக்கதன்று. நாட்கூலிக்குக் கடலேறுவோனுக்கு ஒரு நாள் கரையிலிருத்தல் ஒரு நாள் உலையேறாமை ஆகும். எச்சரிக்கை விடுப்போர் அவனுக்கு ஈடு அளித்தலையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனால் புயல் வலிகுன்றியதற்காக எச்சரிக்கையைப் பொய்யென்பது, திருடன் வாராத இரவிற் காவற்காரனுக்கு ஊதியம் மறுப்பது போன்றது. கடலிலுள்ள சுழல் எப்பொழுது வலுக்கும், எப்பொழுது தளரும் என்பதை இன்றைய அறிவாலும் ஐயமறக் கூற இயலாது. ஒரே நாளில் வலுப்பெற்ற ஒக்கியே அதற்குச் சான்று.

கடலோரத்தார் மட்டுமன்றி, சிறுசேரி போன்று சற்று உள்ளடங்கிய ஊரினரும் அறிய வேண்டியது ஒன்றுண்டு. புயல் கொணர்வது காற்றும் அலையும் மட்டுமல்ல, மழையுமாம். 2023 டிசம்பரில் ‘மிக்சாம்’ என்னும் புயல் சென்னைக் கரையைக் கடவாமல், கடலிலேயே வடக்கு நோக்கி நகர்ந்து ஆந்திர நாட்டில் பாபட்லாவுக்கு அருகே கரை ஏறியது. ஆயினும் அது பொழிந்த மழையாற் சென்னையும் அதன் தென்புற ஊர்களும் நாட்கணக்கில் நீரில் மிதந்தன. ‘புயல் இங்கே கரை கடக்கவில்லை’ என்னும் சொல்லை ‘இங்கே துன்பமில்லை’ என்று பொருள்கொண்டோர் முழங்கால் நீரில் நின்றனர். எச்சரிக்கையின் முதல் வரியை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து செல்லும் வழக்கத்தால் வருவது இது. இடம், நேரம், காற்று, மழை, கடற்பெருக்கு என்று ஒவ்வொன்றும் அதில் தனித்தனியே சொல்லப்படுகிறது.

புயற்காலத்திற் கோவளம் முதலிய மீனவர் ஊர்களுக்குச் செய்தி இன்று பல வழிகளில் வருகிறது. மீன்வளத் துறையார் அறிவிப்பர். ஊர்ப் பஞ்சாயத்தார் ஒலிபெருக்கியிற் கூறுவர். கைப்பேசியில் எழுத்தாகவும் வரும். கைப்பேசி இல்லாத முதியோர், தனியே வாழும் கைம்பெண்கள், வேற்று மாநிலத்திலிருந்து வந்து கட்டட வேலை செய்யும் தமிழறியாத தொழிலாளர் ஆகியோரின் கதவை யாரேனும் ஒருவர் சென்று தட்டவே வேண்டும். சிறுசேரியின் உயர்ந்த கட்டடங்களுக்கு அருகே தகரக் கொட்டகைகளில் வாழ்வோர் பலர் அத்தொழிலாளரே. தகரம் காற்றுக்கு முதலிற் பறப்பது.

மாண்டஸ் புயல் கரை ஏறிய இரவில் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலின் மதிலுக்கு அப்பால் அலைகள் இடையறாது முழங்கின. கோவளத்திற் படகுகளை மேட்டுக்கு இழுத்துக் கயிற்றால் ஒன்றோடொன்று பிணைத்திருந்தனர். பின்னிரவிற் காற்றின் திசை மாறியது; பின்னர்த் தணிந்தது. விடிந்ததும் மீனவர் கரைக்கு வந்து, உடைந்தவை எவை, உடையாதவை எவை என்று பார்த்தனர். கடல் இன்னும் கலங்கியே இருந்தது. வானிலை நிலையத்தின் அடுத்த செய்தி வரும் வரையில் ஒருவரும் படகை நீரில் தள்ளவில்லை.